காந்திஜியின் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டு சென்றவர்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மாலை 6 மணிக்குத் தீபம் ஏற்றுகிறார்கள். அடிவாரத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள். கிரிவலப் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது.

அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை தாயின் கையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? முன் காலத்தில் அழுதுகொண்டே தெருத் தெருவாக அலைய வேண்டியதுதான். இப்போது ஒலிபெருக்கி இருக்கிறது. குழந்தையின் பெயரையும், சட்டையின் நிறத்தையும் சொன்னால் போதும். மறு நிமிடம் அந்தச் செய்தி ஆயிரக்கணக்கான காதுகளில் விழுந்துவிடும்.

ஒருவர் பேசுவதை ஊரே கேட்கும்படி செய்கிற கருவி இது. இதை இந்திய நாட்டின் பொதுக்கூட்ட மேடைகளுக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் நானிக் மோத்வானி.

மகாத்மா காந்தி, பண்டித நேரு ஆகியோர் மேடையில் பேசும் பழைய படங்களைக் கூர்ந்து பாருங்கள். அவர்கள் முன்னால் உள்ள மைக்கில் ஒரு பெயர்ப் பலகை இருக்கும். அதில் ‘சிக்காகோ ரேடியோ’ என்று எழுதியிருக்கும். அது மோத்வானி குடும்பத்தாரின் கம்பெனி. பெயர்தான் சிக்காகோ. நடத்தியவர்கள் நம் நாட்டவர்கள்.

சிந்து நதிக் கரையில்

சிந்து நதிக் கரையில் உள்ள ஊர் சுக்கூர். அங்கே 1909ஆம் ஆண்டில் கியான்சந்த் மோத்வானி என்பவர் மின்சாரச் சாமான் வியாபாரம் தொடங்கினார். அவருடைய மகன்தான் நானிக்.

மின்சார விளக்கே பல ஊர்களில் எட்டிப் பார்க்காத காலம் அது. டெலிபோன் என்றால் ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். அந்த நாளில் மின்சாரத்தை நம்பிக் கடை வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். கியான்சந்துக்கு அது இருந்தது. வியாபாரம் சுக்கூரிலிருந்து கராச்சிக்கும், பிறகு பம்பாய்க்கும் வளர்ந்தது. டெலிபோன் சாமான்களோடு ரேடியோவும் சேர்ந்தது. தந்தையின் தொழிலில் மகனும் இறங்கினார்.

நானிக்கின் மனத்தைப் பிடித்தது ஒலிபெருக்கி.

எட்டாத குரல்

அப்போது ஒலிபெருக்கி உலகத்துக்கே புதிது. 1915இல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் அதை ஜனங்களுக்குக் காட்டினார்கள். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் சான் டியாகோ நகரில் அதன் மூலம் பெரும் கூட்டத்தின் முன் பேசினார்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே பேச்சாளருக்குத் தொண்டைதான் துணை. நம் தமிழ் நாட்டு நாடக மேடையில் கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடினால் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும். எல்லாருக்கும் அப்படிப்பட்ட சாரீரம் வாய்க்குமா?

காந்திஜிக்கு வாய்க்கவில்லை. அவருடைய குரல் மெல்லியது. உரக்கக் கத்திப் பேசும் வழக்கமும் அவருக்கு இல்லை. ஆனால் அவரைக் காண வருகிறவர்களோ ஆயிரம் ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, ஒரே கூட்டத்தில் பல மேடைகள் போடுவார்கள். காந்திஜி ஒரு மேடையில் சிறிது நேரம் பேசுவார். பிறகு இறங்கி அடுத்த மேடைக்குப் போவார்.

1929ஆம் ஆண்டு வாக்கில் நானிக் இதைப் பார்த்தார். மெலிந்த உடம்போடு காந்திஜி இப்படிச் சிரமப்படுவது அவர் மனத்தை உறுத்தியது. இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்.

கராச்சியில் நடந்தது

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1931 மார்ச் மாதக் கடைசியில் கராச்சியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் சர்தார் பட்டேல்.

சாதாரண நேரமா அது? மார்ச் 5ஆம் தேதிதான் காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மார்ச் 23ஆம் தேதி பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் லாகூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நாடு கொதித்தது. அவர்களைக் காந்திஜி காப்பாற்றவில்லை என்று இளைஞர்களுக்குக் கோபம். கராச்சிக்கு வந்த அவரைக் கறுப்புக் கொடியோடு எதிர்கொண்டார்கள்.

கோபத்தோடு நிற்கும் கூட்டத்துக்கு விஷயத்தை விளக்க வேண்டும். பாதிப் பேச்சுக் காதில் விழுந்து பாதி விழாமல் போனால் என்ன ஆகும்? கேட்காத பாதியை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொள்வார்கள். வதந்தி பரவும். சண்டை மூளும்.

அந்த மகாசபையில் நானிக்கின் ஒலிபெருக்கிகள் வேலை செய்தன. மேடை விட்டு மேடை ஏறாமல், இருந்த இடத்திலிருந்தே காந்திஜி பேசினார். ஒப்பந்தத்தை மகாசபை ஏற்றுக்கொண்டது. ஜனங்களின் அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

ஒலிபெருக்கி எப்படி வேலை செய்கிறது? புரிந்துகொள்வது கடினம் அல்ல.

நாம் பேசும்போது காற்று அதிர்கிறது. மைக்கின் உள்ளே மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அந்த அதிர்ச்சி பட்டதும் தகடும் அதிர்கிறது. அதற்கேற்றபடி கம்பியில் மின்சாரம் கூடிக் குறைகிறது. இந்த மின்சாரம் மிகவும் பலவீனமானது. ஆகையால் அதை ஆம்ப்ளிஃபயர் என்ற பெட்டிக்குள் அனுப்புகிறார்கள். அந்தக் காலப் பெட்டிகளில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. வால்வுகள் சூடேறிய பிறகுதான் பெட்டி வேலை செய்யும்.

அங்கே பலம் பெற்ற மின்சாரம், குழாயின் அடியிலுள்ள கம்பிச் சுருளுக்குப் போகிறது. சுருளைச் சுற்றிக் காந்தம் இருக்கிறது. சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது. அதோடு ஒட்டிய தகடும் துடிக்கிறது. பேசியவரின் குரல் பெரிதாகி வெளியே வருகிறது. குழாயின் வாய் ஊமத்தம் பூப் போல விரிந்திருப்பது அழகுக்காக அல்ல. ஒலி சிதறிப் போகாமல் ஒரு திசையில் வெகு தூரம் போவதற்காக.

ஒலிபெருக்கிக்காரரின் பாடு

கேட்கச் சுலபம். செய்வது கஷ்டம்.

பேச்சாளர் கூட்டத்தன்று வருவார். ஒலிபெருக்கிக்காரர் முன்னதாகவே வந்துவிட வேண்டும். பெட்டிகளையும் குழாய்களையும் ரயிலில் ஏற்ற வேண்டும். ரயில் போகாத ஊருக்கு லாரியில் கொண்டு போக வேண்டும். கண்ணாடி வால்வு ஒன்று உடைந்தாலும் காரியம் கெட்டுவிடும். மின்சாரம் இல்லாத இடமானால் பாட்டரியும் எஞ்சினும் கூடவே போக வேண்டும்.

கம்பம் நட வேண்டும். கம்பி இழுக்க வேண்டும். குழாயை மைக்கின் பக்கம் திருப்பி வைத்தால் வந்தது வினை. குழாயில் வந்த ஒலி மறுபடியும் மைக்கில் புகுந்து ‘கூ’ என்று ஊளையிடும். குழாய்களை எட்ட எட்ட வைத்தாலும் தொல்லைதான். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பக்கத்துக் குழாயில் கேட்ட சொல்லையே, தூரத்துக் குழாயிலிருந்து மறுபடி கேட்க நேரும். ஒரு சொல் இரண்டாகக் குழம்பும்.

இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துச் சரி செய்வதுதான் நானிக்கின் அன்றாட வேலை. முதலாளி என்று பம்பாயிலேயே உட்கார்ந்துவிடவில்லை. சாமான்களோடு தாமும் ஊர் ஊராகப் போனார். எல்லாருக்கும் கேட்கிறதா என்று சோதித்தார். மகாசபைக் கூட்டங்கள் என்றால் சிக்காகோ ரேடியோ என்று ஆயிற்று. 1938இல் ஹரிபுராவில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்தபோதும் அந்த ஒலிபெருக்கிகளே முழங்கின.

தலைவர்களின் பேச்சு காற்றோடு போய்விடக் கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. ஒலிப்பதிவு செய்தார். படமும் எடுக்கச் செய்தார்.

ரகசிய ரேடியோ

1942 ஆகஸ்ட் 8. பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியும் முன்பே தலைவர்களை எல்லாம் போலீசார் பிடித்தார்கள். பத்திரிகைகளின் வாயும் கட்டப்பட்டது. நாட்டில் என்ன நடக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது பம்பாயில் சில இளைஞர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். சர்க்காருக்குத் தெரியாமல் ‘காங்கிரஸ் ரேடியோ’ என்ற ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் 22 வயதுக் கல்லூரி மாணவி உஷா மேத்தா. ராம் மனோகர் லோகியா போன்றவர்கள் பின்னால் இருந்து உதவினார்கள். ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் ஒலிபரப்பு. பத்திரிகைகளில் வராத செய்திகளை அந்த ரேடியோ சொன்னது. போலீசார் மோப்பம் பிடித்து வருவார்கள் என்று, அடிக்கடி இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டரை மாதம் போலீசாரின் கண்ணில் மண்ணைத் தூவினார்கள். ரேடியோ வேலை தெரிந்த ஒருவரே காட்டிக் கொடுத்தார். நவம்பர் 12ஆம் தேதி போலீசார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள்.

ரேடியோ சாமான் எங்கிருந்து வந்தது? வேலை தெரிந்த ஆட்கள் யார்? போலீசாரின் பார்வை சிக்காகோ ரேடியோ மீது விழுந்தது. நானிக் மோத்வானி கைது செய்யப்பட்டார்.

குற்றவாளிக் கூண்டில்

யுத்த காலம் அது. ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன வேண்டும்? குற்றம் நிலைத்தால் சிறை. கம்பெனி மூடப்படலாம். நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நிற்கும்.

தனிக் கோர்ட்டில் ஐந்து பேர் மீது வழக்கு நடந்தது. 1943இல் தீர்ப்பு வந்தது. பாபுபாய் காக்கருக்கு 5 ஆண்டு, உஷா மேத்தாவுக்கு 4 ஆண்டு, சந்திரகாந்த் ஜவேரிக்கு 1 ஆண்டு சிறை. விட்டல்பாய் ஜவேரியும் நானிக் மோத்வானியும் விடுதலை செய்யப்பட்டார்கள்.

தப்பினோம், பிழைத்தோம் என்று நானிக் ஒதுங்கிவிடவில்லை. மறுபடியும் தேசிய மேடைகளில் அவருடைய மைக் நின்றது.

பூர்வீக மண் போயிற்று

1947இல் சுதந்திரம் வந்தது. பிரிவினையும் கூடவே வந்தது. தந்தை கடை தொடங்கிய சுக்கூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. காந்திஜியின் பேச்சு எல்லாருக்கும் கேட்கும்படி செய்த கராச்சியும் போயிற்று. எந்த விடுதலைக்காக அவருடைய ஒலிபெருக்கிகள் முழங்கினவோ, அந்த விடுதலை வந்த நாளில் சொந்த மண் அந்நிய நாடாகிவிட்டது. சிந்துவிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்த துயரம் இது.

ஆனால் வேலை நிற்கவில்லை. புதிய இந்தியாவில் தேர்தல்கள் வந்தன. கூட்டங்கள் பெருகின. நேருவின் முன்னாலும் சிக்காகோ ரேடியோ மைக் நின்றது. 1970இல் நானிக் மோத்வானி காலமானார்.

இன்று மைக் செட் இல்லாத ஊர் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுகிறோம். பக்கத்து வீட்டில் நோயாளி படுத்திருப்பதையும், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதையும் மறந்து அலற விடுகிறோம். நானிக் மோத்வானி பாடுபட்டது காதைச் செவிடாக்க அல்ல. கடைசி வரிசையில் நிற்கும் ஏழைக்கும் ஒரு நல்ல வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். குழாய் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.