எக்காளம் ஏந்திய ஏழைச் சிறுவன்

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பொழுதுபோக்கு என்ற சொல்லே வீட்டில் குற்றமாகிவிடுகிறது. பாட்டுக் கேட்டால் பாடம் ஏறாது என்கிறார் அப்பா. கச்சேரிக்குப் போக வேண்டுமென்றால் தேர்வு முடியட்டும் என்கிறார் அம்மா. ஆட்டமும் பாட்டும் வயிற்றுக்குச் சோறு போடுமா என்று கேட்கிறார் பாட்டி. பெரியோர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இசை என்பது வெறுமனே பொழுதைக் கழிக்கும் பொருள்தானா? இக்கேள்விக்கு விடை தேடிய நமக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் ஜாஸ் இசை மேதையின் வாழ்க்கை நல்ல விளக்காக அமைந்தது. அவ்வாழ்க்கையைச் சற்றே காண்போம், வாருங்கள்!

பிறப்பும் வறுமையும்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள துறைமுக நகரம் நியூ ஆர்லியன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளம். அவர்கள் வயல்களில் பாடிய துயரப் பாடல்களும், ஆலயங்களில் பாடிய பக்திப் பாடல்களும், பித்தளைக் கருவிகள் முழங்கும் அணிவகுப்பு இசையும் கலந்து பிறந்ததே ஜாஸ். எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பது அதன் இலக்கணம் அன்று. நம் பாடகர்கள் கற்பனைச் சுரம் பாடுவதுபோல, ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கணத்திலேயே புதிது புதிதாகப் பின்னிச் செல்வதே அதன் உயிர்நாடி.

அந்நகரின் மிக ஏழ்மையான சந்து ஒன்றில் 1901 ஆகஸ்டு 4 அன்று லூயி பிறந்தார். தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் மறைந்த பின்னர், 1980-களில், அந்நகரின் இயேசுவின் திரு இருதய ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் உண்மை நாள் வெளிப்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஒருவரின் பிறந்த நாளை ஒரு பங்குக் கோயிலின் பழைய ஏடு காத்து வைத்திருந்தது வியப்பல்லவா!

தந்தை குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தைக் கைவிட்டார். தாய் மேயன் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து லூயியையும் தங்கையையும் காப்பாற்றினார். ஏழு வயதளவிலேயே லூயியும் உழைக்கப் புறப்பட்டான். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறிய கார்னாப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தாரின் வண்டியில் ஏறிப் பகலில் பழைய சாமான்கள் சேகரிப்பான். மாலையில் நிலக்கரி விற்பான். வாடிக்கையாளரை அழைக்கத் தகர ஊதல் ஒன்றை ஊதிக்கொண்டே போவான். அந்தக் குடும்பத்தார் அவனைத் தங்களுடன் அமர்த்திச் சோறிட்டார்கள். அடகுக் கடை ஒன்றில் ஐந்து டாலர் விலையில் இருந்த கார்னெட் என்னும் சிறிய எக்காளத்தை வாங்கவும் உதவினார்கள். அந்த நன்றியை லூயி இறுதிவரை மறக்கவில்லை. முதுமையில் நோயுற்றிருந்த காலத்தில் அதைத் தம் கைப்பட எழுதியும் வைத்தார்.

தண்டனை தந்த வரம்

நடன அரங்குகளுக்குள் நுழையக் கையில் காசில்லாத லூயி வெளியே தெருவில் நின்று கேட்பான். இறுதி ஊர்வலங்களின் பின்னே வாத்தியக் குழுவோடு நடப்பான். அந்தத் தெருதான் அவனுக்குக் கச்சேரி மண்டபம்!

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்ட வேளையில், வீட்டிலிருந்த துப்பாக்கியை எடுத்து வானத்தை நோக்கிச் சுட்டான். போலீசார் பிடித்துச் சென்றனர். பதினொரு வயதுச் சிறுவனைக் கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்தில் சேர்த்தனர். ஆனால் அங்கேதான் அவனுக்கு நல்ல குரு ஒருவர் கிடைத்தார். பீட்டர் டேவிஸ் என்ற அந்த ஆசிரியர் முதலில் அவனை நம்பவில்லை. பின்பு அவனது பொறுமையைக் கண்டு படிப்படியாகக் கருவிகளைக் கையில் கொடுத்தார். முடிவில் லூயியே குழுவின் தலைவனானான். கைதாகிச் சென்ற பையன் எக்காளம் ஊதியபடி தன் பகுதித் தெரு வழியே அணிவகுத்து வந்தபோது மக்கள் மகிழ்ந்து காசுகளை வாரி வழங்கினராம்! தவறு செய்த பிள்ளையையும் நம்புகிற ஓர் ஆசிரியர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிகாகோவும் இசைத்தட்டும்

ஜோ ஆலிவர் என்ற புகழ்பெற்ற கலைஞர் லூயிக்கு வழிகாட்டியானார். 1922-இல் அவர் அழைக்க, தாயார் கட்டிக்கொடுத்த மீன் வைத்த ரொட்டியோடு லூயி சிகாகோவுக்கு ரயில் ஏறினார். மறு ஆண்டு, 1923-இல், அவர் வாசிப்பு முதன்முதலாக இசைத்தட்டில் பதிந்தது. அப்போது ஒலிவாங்கி கிடையாது. எல்லோரும் ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன் கூடி நின்று வாசிக்க வேண்டும். அந்த அதிர்வே மெழுகுத் தட்டில் ஊசியால் கீறப்படும். லூயியின் ஊதல் மற்றவர்களை அமுக்கிவிட்டதால் அவரை அறையின் கோடியில் தள்ளி நிறுத்தினார்கள் என்று சொல்வதுண்டு.

அந்தக் குழுவில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின் என்ற பெண்மணி. முறையாகக் கல்வி கற்றவர். 1924-இல் அவர் லூயியை மணந்தார். இரண்டாம் இடத்தில் அடங்கி இருந்த லூயியை, தனித்து நின்று முதல் இடத்திற்கு வரத் தூண்டியவர் அவரே. 1925 நவம்பர் 12 அன்று ஹாட் ஃபைவ் என்ற ஐவர் குழு சிகாகோவில் ஒலிப்பதிவைத் தொடங்கியது. லில்லும் அதில் ஒருவர். இக்குழு மேடையேறியது மிக அரிது. பதிவுக்கென்றே கூடிப் பதிவுக்கென்றே வாசித்தது!

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கச்சேரியில் நேரம் உண்டு. கூட்டத்தின் முகம் பார்த்து நீட்டலாம், குறைக்கலாம். அன்றைய இசைத்தட்டிலோ ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடம்தான். வீண் சுரம் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறுகிய எல்லைக்குள் லூயி ஜாஸின் முகத்தையே மாற்றினார். அதுவரை குழுவாகச் சேர்ந்து ஒலித்த இசையில், ஒருவர் தனித்து நின்று தம் உள்ளத்தைச் சொல்லும் கலையை வளர்த்தார். 1928-இல் பதிவான ஒரு தட்டின் தொடக்கத்தில் துணையின்றி அவர் ஊதும் சில விநாடிகளை இசை பயில்வோர் இன்றும் திரும்பத் திரும்பக் கேட்டுக் கற்கின்றனர். கச்சேரி அன்றிரவோடு கரைந்துபோகும். தட்டோ கச்சேரிக்கு வர இயலாத ஏழையின் வீட்டிற்கும் சென்று பாடும்.

வீட்டில் ஒரு ரசிகர்

புகழ் கடல் கடந்தது. ஆண்டின் பெரும்பகுதி ஊர் ஊராகக் கச்சேரி. கையில் வெள்ளைக் கைக்குட்டை, முகம் நிறையச் சிரிப்பு, கரகரத்த குரல். இவையே அவர் அடையாளம். ஆனால் அவர் வாசித்த விடுதிகள் சிலவற்றில் அவர் இரவு தங்க இயலாது. காரணம் நிறம்!

1943 முதல் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், சாதாரண உழைப்பாளர் வாழும் தெருவில், மனைவி லூசிலுடன் ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். லில்லுடனான திருமணம் முன்பே முறிந்திருந்தது. பணம் சேர்ந்த பின்னும் அவர் மாளிகை தேடவில்லை. 1950-களில் ஒலிநாடாக் கருவி அவருக்கு உயிர்த் தோழனாயிற்று. பயணத்திலும் அதைக் கூடவே கொண்டு செல்வார். பிடித்த இசைத்தட்டுகள், நண்பர்களின் அரட்டை, வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் பதிவு செய்தார். நூற்றுக்கணக்கான நாடாப் பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டித் தம் கையாலேயே அழகு செய்தார். உலகுக்கே இசை வழங்கியவர் வீட்டில் நம்மைப்போல் ஒரு ரசிகராகவே அமர்ந்திருந்தார்! அந்த வீடு 2003 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

சிரிக்க மறுத்த நாள்

எப்போதும் சிரிப்பவர் என்பதனாலேயே அவர்மீது பழியும் வந்தது. வெள்ளையரை மகிழ்விக்கும் கோமாளி என்று இளைய கலைஞர் சிலர் குறை கூறினர். அதற்கு விடையாக 1957 செப்டம்பர் வந்தது.

ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் மட்டுமே பயின்ற உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர் சேர வந்தனர். அவர்களில் அறுவர் பெண்கள். மாநில ஆளுநர் படைவீரரை நிறுத்தித் தடுத்தார். எலிசபெத் எக்போர்டு என்ற மாணவி, வீட்டில் தொலைபேசி இல்லாததால் மற்றவர் சேர்ந்து வரும் செய்தி அறியாமல், செப்டம்பர் 4 அன்று தனியே வந்தாள். கூச்சலிட்டுத் துரத்திய கூட்டத்தின் நடுவே புத்தகத்தை அணைத்தபடி அமைதியாக நடந்தாள். அவள் வயது பதினைந்து. நம் வயது! நாம் நாள்தோறும் சலிப்போடு கடக்கும் பள்ளி வாயிலை ஒருமுறை கடக்க அவள் பட்ட பாட்டை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

அவ்வேளையில் வடக்கு டகோட்டாவில் கச்சேரிக்காகத் தங்கியிருந்த லூயியைச் சந்திக்க ஓர் இளம் நிருபர் வந்தார். அரசு சார்பில் சோவியத் நாட்டுக்கு இசைப்பயணம் செல்ல இருந்தவர், தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசுக்காகத் தாம் போவதில்லை என்று கடுமையாகச் சொன்னார். குடியரசுத் தலைவருக்குத் துணிவில்லை என்றும் குற்றம் சாட்டினார். எழுதியதைக் காட்டியபோது ஒரு சொல்லையும் மாற்றாமல் ஒப்புதல் கொடுத்தார். அவரைப் புறக்கணிக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அவரோ பின்வாங்கவில்லை. செப்டம்பர் 24 அன்று ஐசனோவர் படையை அனுப்பினார். மறுநாள் ஒன்பது பேரும் படைக்காவலோடு வகுப்பில் அமர்ந்தனர். உடனே தலைவரைப் பாராட்டித் தந்தி அனுப்பியவரும் லூயியே. இரு இனத்தாரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தமையால், 1956 முதல் 1965 வரை தம் சொந்த ஊரிலும் அவர் வாசிக்கவில்லை.

விண்ணில் ஒலிக்கும் இசை

1964-இல், அறுபத்திரண்டு வயதில், அவர் பாடிய பாடலொன்று பீட்டில்ஸ் குழுவையும் விஞ்சி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1971 ஜூலை 6 அன்று தம் வீட்டிலேயே உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 27 அன்று சிகாகோவில் அவருக்காக நடந்த நினைவுக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த லில், மேடையிலேயே சாய்ந்து உயிர் நீத்தார். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களில் மனித குலத்தின் நினைவாகப் பொன் முலாம் பூசிய தட்டு ஒன்று வைக்கப்பட்டது. அதில் நம் நாட்டு கேசர்பாய் கேர்க்கரின் குரலும் உண்டு. லூயி 1927-இல் வாசித்த இசையும் உண்டு. தகர ஊதல் ஊதி நிலக்கரி விற்ற சிறுவனின் மூச்சுக் காற்று விண்மீன்களுக்கிடையே பயணம் செய்கிறது!

தோழியரே! பொழுதைப் போக்குவது வேறு. பொழுதை ஆக்குவது வேறு. லூயி தம் இசையால் பிறர் பொழுதை ஆக்கினார். சிரிக்க வைக்கவும் தெரிந்தவர், சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிக்க மறுக்கவும் தெரிந்தவர். நாமும் பாடும்போது மனமாரப் பாடுவோம். படிக்கும்போது கருத்தூன்றிப் படிப்போம். நம் வயதுப் பெண் ஒருத்தி எங்கேனும் வாயிலில் தடுக்கப்பட்டால் அவளுக்காகக் குரல் கொடுப்போம். அப்போது பாட்டுக் கேட்டது வீண் என்று எவரும் நம்மைச் சொல்ல மாட்டார்கள்!