குடைக்கடைத் துண்டுப் பட்டு

குழந்தைகளே, மீந்துபோன துண்டுத் துணி கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பொம்மைக்குப் பாவாடை கட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? அப்படித் தொடங்கி உலகப் புகழ் பெற்றவர்தான் பால் புவாரே.

பிரான்ஸ் நாட்டின் பாரீஸ் நகரில், 1879-ஆம் ஆண்டு, ஒரு துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். தந்தை இவரைக் குடை செய்பவர் ஒருவரிடம் வேலை பழக அனுப்பினார். அங்கே மீந்த பட்டுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சகோதரிகள் கொடுத்த மரப் பொம்மைக்கு விதவிதமாக உடுத்தி மகிழ்ந்தார். 1903-இல் சொந்தமாகவே ஆடையகம் தொடங்கிவிட்டார்!

அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பெண்கள் கார்செட் என்ற உள்ளாடையால் இடுப்பை இறுக்கிக் கட்டுவார்கள். மூச்சு விடுவதே சிரமம். புவாரே அதை ஒதுக்கிவிட்டு, தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும் ஆடைகளை உருவாக்கினார். இதற்கு ஜப்பானியரின் கிமோனோவும் வழிகாட்டியது.

ஒருமுறை லண்டன் அருங்காட்சியகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு வியந்து நின்றார். உடனே தம் பணியாளரைப் பாரீஸிலிருந்து வரவழைத்தார். அவர் பல நாள் அங்கேயே இருந்து, ஒவ்வொரு மடிப்பையும் கற்றுக்கொண்டார். விரைவில் பாரீஸ் பெண்களின் தலையிலும் தலைப்பாகை ஏறியது! ரஷ்யாவுக்குச் சென்றபோது, கிராமத்துப் பெண்களின் பூத்தையல் இவர் மனத்தைக் கவர்ந்தது.

1911-இல் தம் மகள் மார்ட்டீன் பெயரில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். மாணவிகள் யார் தெரியுமா? உங்கள் வயதுடைய ஏழைச் சிறுமிகள். பூங்காவுக்கும் விலங்குக் காட்சிசாலைக்கும் போய், கண்ணில் பட்டதை அவர்கள் விருப்பம்போல வரைந்தார்கள். நல்ல ஓவியங்களுக்குப் புவாரே பணம் கொடுத்தார். அவை துணிகளாகவும் கம்பளங்களாகவும் மாறின.

முதல் உலகப் போருக்குப் பின் காலம் மாறியது. எளிய ஆடைகளையே மக்கள் விரும்பினார்கள். புவாரேயோ ஆடம்பரத்தை விடவில்லை. கடன் பெருகி, 1929-இல் ஆடையகம் மூடப்பட்டது. 1944-இல் வறுமையில் காலமானார். ஆனால், அவர் படைத்த ஆடைகளை அருங்காட்சியகங்கள் இன்றும் பாதுகாக்கின்றன.

இங்கே ஒன்றை யோசித்துப் பாருங்கள். புவாரேயின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தலைப்பாகைத் துணியை நெய்தவர் யார்? பூத்தையல் போட்டவர் யார்? சிறுமிகள் வரைந்தவைகூட ‘மார்ட்டீன்’ என்ற ஒரே பெயரில்தான் விற்பனையாயின. பிறர் கைவேலையைப் பார்த்துக் கற்பது நல்லதுதான். கற்றுக் கொடுத்த கைகளை மறக்கலாமா?

இனி நெசவாளரையோ, பாய் முடைபவரையோ, குயவரையோ கண்டால், வேலையை ரசிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவர் பெயரையும் கேட்டு, நோட்டில் எழுதி வையுங்கள். செய்வீர்களா?