மருத்துவர் மேரி வர்கீஸ்

திருவண்ணாமலை கார்த்திகைத் தீபத்தால் பெயர்பெற்ற திருநகரம். அங்கு மலையை வலம்வரும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அடியவர் திரளும் அவ்வழியோரத்தில், விரல்கள் மடங்கிய கைகளை நீட்டித் தொழுநோயாளர் இரந்து நிற்பது முன்னாளில் வழக்கமாய் இருந்தது. காண்போர் காசு இட்டுச் செல்வர். அக்கைகளைத் தொட அஞ்சுவர். அத்தகைய கைகளை நிமிர்த்துப் பயன்படச் செய்யும் அறுவை மருத்துவம், அவ்வூருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில் வளர்ந்தது. 1989-ஆம் ஆண்டுவரை இவ்விரண்டு ஊர்களும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. வேலூரில் அக்கைகளைத் தொட்டு நலஞ்செய்தவருள் ஒருவர், தம் கால்களால் எழுந்து நிற்கவும் இயலாத பெண்மணி ஆவார். அவரே மருத்துவர் மேரி வர்கீஸ்.

மேரி, 1925-ஆம் ஆண்டு கேரளத்தில் கொச்சிக்கு அண்மையிலுள்ள செறாயி என்னும் சிற்றூரில், வசதி மிக்க கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக் கல்வியையும் கல்லூரிக் கல்வியையும் முடித்தபின் மருத்துவம் பயில விரும்பி, 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அது, அமெரிக்கக் குடும்பத்தில் தோன்றிய ஐடா ஸ்கடர் அம்மையார், பெண்களுக்கென 1918-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியினின்றும் வளர்ந்த கல்லூரி. மேரி அங்கேயே பட்டம் பெற்று, மகளிர் மருத்துவத்தில் தேர்ச்சி பெற எண்ணிப் பணியாற்றி வந்தார்.

1954-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள், உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களோடு அவர் உலாப் புறப்பட்டார். செல்லும் வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழ்ந்த காயம் ஏற்பட்டது. முதுகுத் தண்டும் முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆயினும், இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. அப்பொழுது அவருக்கு வயது 28.

பிறர் நோயைத் தீர்க்கக் கற்றவர், தாமே தீராத நோயராய்ப் படுக்கையிற் கிடந்தார். புரண்டு படுப்பதற்கும் பிறர் உதவி வேண்டியிருந்தது. தண்டுவடம் அறுந்தால் மீண்டும் இணையாது என்பதை மருத்துவரான அவர் அறிவார். ஆகவே, ஆறுதல் மொழிகள் அவரை எளிதில் தேற்றவில்லை. இறைவனுக்குத் தொண்டு செய்யவன்றோ மருத்துவம் கற்றோம், அவன் ஏன் இவ்வாறு செய்தான் என்னும் வினா அவர் உள்ளத்தை வாட்டியது. அவ்வினாவுக்கு விடை கிடைத்ததாகச் சொல்ல இயலாது. நாளடைவில் வினாவே மாறியது. இழந்த கால்களைத் திரும்பக் கேட்பதை விடுத்து, எஞ்சியுள்ள கைகளால் என்ன செய்யலாம் என்று அவர் இறைவனைக் கேட்கலானார். 

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் மருத்துவர் பால் பிராண்டு. அவர் கொல்லிமலையிற் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோய் நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்கிப் போகின்றன. வலியை உணராமையால் சூடும் வெட்டும் அறியாமற் புண்கள் பெருகுகின்றன. வலுவுள்ள வேறொரு தசையின் நாணை விரலோடு இணைத்தால், மடங்கிய விரல் மீண்டும் நிமிரும் என்று அவர் செய்து காட்டினார். கையில் செய்யும் இவ்வறுவையை உட்கார்ந்தவாறே செய்யலாம். ஆகவே இதனைக் கற்குமாறு மேரியை அவர் ஊக்கினார்.

அமர்வதே மேரிக்கு அரிதாய் இருந்தது. முதுகில் மீண்டும் அறுவை செய்துகொண்டு, வலியைப் பொறுத்து, சிறிது சிறிதாக அமரப் பழகினார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யத் தொடங்கினார். தம்மினும் மிகுதியாய் உடலுறுப்பின் பயனை இழந்த ஒருவர் தமக்கு மருத்துவம் செய்வதைக் கண்ட நோயாளர், தாமும் வாழலாம் என்று துணிவு கொண்டனர். எந்த ஊனம் தம் வாழ்வை முடித்துவிட்டதென அவர் கலங்கினாரோ, அந்த ஊனமே பிறருக்கு மருந்தாயிற்று.

ஆயினும், அறுவை ஒன்றே போதாது என்பதை மேரி தம் வாழ்விலிருந்து உணர்ந்தார். உயிர் காத்தபின் வீட்டுக்கு அனுப்பப்படுவோர் அங்கே எவ்வாறு வாழ்வர்? இக்கலையைக் கற்க அவர் கடல் கடந்து சென்றார். ஆசுதிரேலியாவில் பெர்த்து நகரில், பிறர் துணையின்றித் தம் பணிகளைத் தாமே செய்யப் பயின்றார். பிறகு நியூயார்க்கு நகரில், மருத்துவர் ஓவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் தேர்ந்தார். வெளிநாட்டில் வசதிகள் மிகுந்திருந்தும் அவர் தாயகம் திரும்பினார்.

1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை அவர் ஏற்றார். 1966-இல் நோயாளர் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. இந்தியாவில் இத்தகைய நிலையங்களுள் இதுவே முன்னோடி. மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்த தொழிலாளர், கால் இழந்தோர், இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாத குழந்தைகள் ஆகியோர் மறுவாழ்வு மருத்துவத்தை நாடினர். அந்நாளில் அவ்வாதம் நாடெங்கும் குழந்தைகளை வருத்தியது. 2014-இல்தான் இந்தியா அந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. படுக்கைப் புண் வாராமற் காத்தல், கைகளுக்கு வலுவூட்டல், கவசக்கோல் பூண்டு நடத்தல், ஏற்ற தொழிலைக் கற்றல் என்பன மறுவாழ்வு மருத்துவத்தின் கூறுகள்.

மேரியின் வாழ்வை அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் நூலாக எழுதினார். அது 1963-இல் வெளிவந்தது. இந்திய அரசு 1972-இல் பத்மசிறீ விருது அளித்துச் சிறப்பித்தது. 1986-இல் அம்மையார் மறைந்தார். அவர் தோற்றுவித்த நிலையம் அவர் பெயர் தாங்கி இன்றும் தொண்டாற்றி வருகிறது.

விபத்தில் இழந்த கால்களின் வலுவை மேரி அம்மையார் திரும்பப் பெறவில்லை. ஆயினும் பலரை நிற்கவும் நடக்கவும் உழைத்து உண்ணவும் செய்தார். துன்பம் ஏன் வந்தது என்பதற்கு விடை காண்பது அரிது. வந்த துன்பத்தைக் கொண்டு பிறர் துன்பத்தைத் துடைக்கலாம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.