ஆர்.எல். பாட்டிலில் இருக்கும் ரிங்கர் யார்?

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் எந்த பாட்டில் தொங்கினாலும் அதை குளுக்கோஸ் என்று சொல்வதுதான் நம் வழக்கம். அடுத்த முறை பார்த்தால் லேபிளைப் படியுங்கள். பல சமயம் அதில் ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட் என்று எழுதியிருக்கும். அந்த ரிங்கர் ஒரு மனிதர். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று தினமும் பேசும் குடியிருப்புவாசிகளான நமக்கு அவர் கதை பிடிக்கும்.

சிட்னி ரிங்கர் இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம் படித்து, அதே கல்லூரியின் மருத்துவமனையில் டாக்டரானார். 1869ல் அவர் எழுதிய மருந்தியல் கையேடு பல பதிப்புகள் கண்டது. வார்டுக்கும் சொந்த பிராக்டிஸுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில்தான் ஆய்வகம்.

உடலுக்கு வெளியே எடுத்த தவளையின் இதயத்தை எந்தக் கரைசல் தொடர்ந்து துடிக்க வைக்கும் என்று அவர் தேடினார். ரத்தத்தில் உள்ள உப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1882ல் கட்டுரை வெளியிட்டார். சோடியம் உப்புக் கரைசலிலேயே இதயம் நன்றாகத் துடித்தது.

அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரானதல்ல. நியூ ரிவர் கம்பெனி விநியோகித்த குழாய் நீரில் கலக்கப்பட்டிருந்தது! ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஊற்றுகளிலிருந்து லண்டனுக்கு 1613 முதல் வாய்க்கால் வழியாக வந்த நீர் அது. சுண்ணாம்புப் பாறைப் பகுதி நீர் என்பதால் அதில் கால்சியம் உண்டு.

ரிங்கர் உடனே காய்ச்சி வடித்த நீரில் கரைசலைத் தயாரித்துச் சோதனையைத் திரும்பச் செய்தார். துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்து, சுமார் 20 நிமிடத்தில் நின்றேவிட்டது. சிறிதளவு கால்சியம் சேர்த்ததும் மறுபடி துடித்தது. பேர்பெற்ற டாக்டர், கட்டுரையும் அச்சாகிவிட்டது; பேசாமல் இருந்திருக்கலாம். அவர் 1883ல் அடுத்த கட்டுரையில், தண்ணீர் மாறிய விஷயத்தையும் முந்தைய முடிவு நிற்காது என்பதையும் வெளிப்படையாக எழுதினார். இதயத் துடிப்புக்கு கால்சியம் கட்டாயம் தேவை என்று உலகம் அறிந்தது அப்படித்தான்.

இன்னொன்றும் கண்டார். பொட்டாசியம் அதிகமானால் இதயம் நின்றுவிடும். கால்சியம் மட்டும் மிஞ்சினால் இதயம் சுருங்கிவிட்டுச் சரியாகத் தளர முடியாது. ஒன்றை ஒன்று அடக்கி, அளவாக இருந்தால்தான் துடிப்பு சீராக நடக்கும்.

இதற்குக் காரணம் பிற்கால ஆய்வுகளில் தெளிவானது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றுமே உலோகங்கள். உப்பாகத் தண்ணீரில் கரைந்ததும் அவை மின்னூட்டம் பெற்ற அயனிகளாகின்றன. ஒவ்வொரு செல்லையும் சுற்றி கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. நம் வளாகத்தின் காம்பவுண்டு சுவர் போல அது அயனிகளை உள்ளே விடாது. புரதத்தாலான வாசல்கள் வழியாகத்தான் அவை போய்வர முடியும். ஒவ்வொரு துடிப்பிலும் வாசல் திறந்து கால்சியம் உள்ளே வந்தால்தான் இதயத் தசை சுருங்கும். பொட்டாசியம் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கும். இந்த உள்-வெளி வித்தியாசமே சவ்வின் மின்னழுத்தத்துக்கு அடிப்படை. வெளியே பொட்டாசியம் கூடினால் அந்த மின்னழுத்தம் குலைந்து, வாசல்கள் முறைப்படி திறக்காது.

1885ல் ரிங்கர் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். சொந்த வாழ்க்கையில் பெரிய துக்கம் ஒன்று உண்டு. சிறு வயதிலேயே இறந்துபோன மகளின் நினைவாக, யார்க்ஷயரில் லாஸ்டிங்காம் கிராமத்தின் பழைய தேவாலயத்தைத் தன் செலவில் புதுப்பித்துக் கொடுத்தார். ஓய்வுக்குப் பின் அந்த ஊரிலேயே வாழ்ந்து, 1910 அக்டோபர் 14 அன்று காலமானார்.

அவருடைய கரைசலில் 1930களில் லாக்டேட்டைச் சேர்த்தவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். இன்றைய ஆர்.எல். பாட்டிலில் லிட்டருக்கு சுமார் 6 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியம், கால்சியம் உப்புகள் ஒவ்வொன்றும் அரை கிராம்கூட இல்லை. அந்தத் துளி அளவுதான் ரிங்கரின் கண்டுபிடிப்பு.

நம் வீட்டுக்கு இரண்டு செய்திகள். ஆர்.ஓ. தண்ணீர் குடித்தால் இதயம் நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கால்சியம் நமக்கு உணவிலிருந்து கிடைக்கிறது. ரத்தத்தில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து உடல் சரிசெய்துகொள்ளும். ஆனால் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு விஷயத்தில் கவனம் தேவை. பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாக பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாற வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.