மோதலின் கணக்கறிந்த இராமன்

முள்ளிக்குளத்துக் கடற்கரையை அடுத்த மரநிழலிற் சிறுவர் சிலர் போளை அடித்துக்கொண்டிருந்தனர். விரைந்து சென்ற கண்ணாடிப் போளையொன்று கிடந்த போளையை நேரே தாக்கியது. தாக்கியது நின்றது; தாக்குண்டது ஓடியது. ஓடிவந்ததன் வேகம் எங்கே போயிற்று என்று அவர்களுள் ஒருவன் என்னை வினவினான். இலக்கணம் கற்பித்தே தலை நரைத்த யான் விடையிறுக்க இயலாது நாணினேன். விடை தேடிச் சென்றபோது என் கைக்கு எட்டியது சர் சந்திரசேகர வெங்கட இராமனது வரலாறு.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தவர் இராமன். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்று, அவ்வாண்டே நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். பகலில் அரசாங்கக் கணக்கு. காலையும் மாலையும் பௌபசார் வீதி ஆய்வுகூடம். 1917இற் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தபோது, ஊதியம் குறையும் என்று அறிந்தும் உயர்ந்த உத்தியோகத்தைத் துறந்தார். மனம் நாடிய தொழிலுக்காகச் செல்வத்தை விட்ட அத்துணிவே பின்னைய பெருமைக்கெல்லாம் வித்தாயிற்று.

மறு ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வொன்று, கோளங்கள் மிக மெல்ல மோதுவதை நிழற்படம் பிடித்து ஆராய்ந்தது. திணிவையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது உந்தம். மோதும் பொருள்களின் உந்தங்களைத் திசையறிந்து கூட்டினால், மோதலுக்கு முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றே. இயக்கசக்தியோ அவ்வாறன்று, அதில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் அதிர்வாகவும் உருமாறும். மோதும் வேகம் குறையக் குறைய அவ்விழப்பும் குறைந்து, கோளங்கள் ஏறக்குறைய நெருங்கிய வேகத்திலேயே விலகுகின்றன என்று இராமன் கண்டார்.

1921இற் கப்பற் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அது வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதாலும் விளைவது என நிறுவினார். நம் மன்னார்க் கடலின் நீலத்துக்கும் அவ்வுண்மை பொருந்தும்.

1923இல் அமெரிக்க அறிஞர் கொம்ரன், எக்ஸ் கதிர் எலத்திரனோடு மோதுவதும் போளை மோதலை ஒத்ததே. அங்கும் உந்தமும் சக்தியும் காக்கப்படுகின்றன என்று விளக்கினார். கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் இதனை ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டா என இராமன் தேடினார். மாணவர் கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, 1928 பெப்ரவரி 28ஆம் நாள் அது புலனாயிற்று.

இதனை எம் இலக்கணத்தால் விளக்கலாம். நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது சில இயல்பாய் நிற்கும், சில விகாரப்படும். அவ்வாறே மூலக்கூறைச் சந்திக்கும் ஒளியிற் பெரும்பகுதி மாறாது சிதறும். மிகச் சிறுபகுதி தன் சக்தியிற் சிறிது கொடுத்து நிறம் மாறும்; அரிதாகச் சிறிது பெற்றும் வெளிப்படும். ஒளி இழந்தது மூலக்கூறின் அதிர்வாகிறது. ஒளி பெற்றது மூலக்கூறு ஈந்தது. வரவு செலவில் ஓர் அணுவும் பிசகுவதில்லை. இக்கணக்கைக் கண்டவருக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1970 நவம்பர் 21ஆம் நாள் பெங்களூரில் அன்னார் மறைந்தார்.

மீண்டும் அச்சிறுவனைக் கண்டு, வேகம் தொலையவில்லை, கைமாறியது என்றேன். அவன் போளையை ஈரமணலில் எறிந்தான். அது அங்கேயே புதைந்தது. அப்படியாயின் இது யாருக்குக் கொடுத்தது என்று கேட்டான். மணலுக்கும் வெப்பத்துக்கும், மணலைத் தாங்கும் பூமிக்கும் என்றேன். இம்முறை நான் நாணவில்லை.