பத்மா ஆற்று மணல்திட்டில்

நன்றாக இருட்டிவிட்டது. பத்மா ஆற்றின் நடுவே பரந்து கிடந்த மணல்திட்டின் ஓரத்தில் ஒரு படகுவீடு நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவர், தம் அண்ணன் மகனின் பெயரை உரக்கக் கூவியபடி மணலில் அலைந்துகொண்டிருந்தார். மாலையில் அந்தப் பையனோடு உலாவச் சென்ற அவருடைய மனைவியும் இன்னும் திரும்பவில்லை. மரமோ, வீடோ, பாதையோ இல்லாத வெட்டவெளி அது. ஆட்கள் விளக்குகளோடு நாலா பக்கமும் தேடினார்கள். புதைமணலில் சிக்கியிருப்பார்களோ, பாம்பு தீண்டியிருக்குமோ என்று இளைஞரின் மனம் பதறியது.

நெடுநேரத்திற்குப் பிறகு செய்தி கிடைத்தது. அவர்கள் வழிதவறி வேறொரு திட்டுக்குப் போய், திரும்பி வர முடியாமல் தவித்திருக்கிறார்கள். படகு அனுப்பி அவர்களை அழைத்து வந்தார்கள். 1889ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த நிகழ்ச்சி இது. அன்று தவித்து நின்ற இளைஞர்தாம் பின்னாளில் உலகம் போற்றிய கவிஞர் இரவீந்திரநாத் தாகூர்.

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் ஒரு செல்வக் குடும்பத்தில் பிறந்தார். மாளிகை பெரியதாக இருந்தாலும், சிறுவன் இரவிக்கு அதில் சுதந்திரம் இல்லை. அவனைப் பார்த்துக்கொண்ட வேலையாள் ஒருவர், தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் அவனை உட்கார வைப்பார். வட்டத்தைத் தாண்டினால் ஆபத்து என்று அச்சுறுத்திவிட்டுப் போய்விடுவார். சிறுவன் சன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துப் பொழுதைக் கழிப்பான். பள்ளிக்கூடமும் அவனுக்கு இன்னொரு வட்டமாகவே தோன்றியது. பல பள்ளிகளில் சேர்த்தும் அவன் எதிலும் நிலைக்கவில்லை.

அந்த வட்டத்திலிருந்து அவரை முழுவதுமாக வெளியே கொண்டுவந்தது பத்மா ஆறுதான். கிழக்கு வங்கத்தில் சிலைதகா, சாஜாத்பூர், பதிசர் ஆகிய இடங்களில் தாகூர் குடும்பத்திற்குப் பெரும் நிலங்கள் இருந்தன. இவை இன்று வங்காளதேச நாட்டில் உள்ளன. அந்நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பை அவர் தந்தை தேவேந்திரநாத் அவரிடம் ஒப்படைத்தார். ஊருக்கு ஊர் செல்ல அங்கே ஆறே பாதை. எனவே தாகூர் பல மாதங்களைப் படகுவீட்டிலேயே கழித்தார். அந்தப் படகின் பெயரும் பத்மா.

பத்மா அமைதியான ஆறன்று. ஜொகூரில் கோத்தா திங்கி மக்கள் ஆண்டிறுதிப் பருவமழையை எத்தகைய கவலையோடு எதிர்நோக்குவார்கள் என்பதை நாம் அறிவோம். பத்மா கரையில் வாழ்வோருக்கும் மழைக்காலம் அப்படிப்பட்டதே. வெள்ளம் பெருகும்போது ஆறு கரையை அரித்து வயலையும் வீட்டையும் விழுங்கும். மழை ஓய்ந்து நீர் வடிந்ததும் ஆற்றின் நடுவே வெண்மணல் தீவுகள் தலைகாட்டும். வங்காளிகள் இவற்றைச் ‘சர்’ என்று அழைப்பார்கள். திட்டு நிலைத்தால் ஏழை உழவர்கள் அங்கே சென்று குடிசை போட்டுப் பயிரிடுவார்கள். அடுத்த வெள்ளத்தில் அது நிற்குமா, கரையுமா என்று எவராலும் சொல்ல இயலாது.

வரி வாங்கும் நிலக்கிழாராகத்தான் தாகூர் அங்குச் சென்றார். ஆனால், படகின் சன்னல் அவருக்கு வேறொரு காட்சியைக் காட்டியது. துறையில் துணி துவைக்கும் பெண்கள், கணவன் வீட்டிற்குப் புறப்படும் சிறுமி, உடைந்த பாய்மரத்தை உருட்டி விளையாடும் சிறுவர்கள், கடன் சுமையால் தலைகுனிந்து நிற்கும் உழவர்கள் என அவர் கண்டவை ஏராளம். கண்டவற்றையெல்லாம் தம் அண்ணன் மகள் இந்திராவுக்குக் கடிதங்களாக எழுதினார். அவருடைய புகழ்பெற்ற சிறுகதைகள் பலவும் இங்கேதான் பிறந்தன. சாஜாத்பூர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அஞ்சலகம் இயங்கியது. அங்கு வேலை பார்த்தவரை மனத்தில் வைத்தே ‘போஸ்ட்மாஸ்டர்’ என்னும் கதையை எழுதினார்.

1898ஆம் ஆண்டு தாகூர் தம் மனைவி மிருணாளினியையும் ஐந்து பிள்ளைகளையும் சிலைதகாவிலுள்ள வீட்டிற்கு அழைத்து வந்தார். தாம் வெறுத்த பள்ளிக்கூடத்திற்குத் தம் பிள்ளைகளை அனுப்ப அவருக்கு விருப்பமில்லை. வீட்டிலேயே அவர்களுக்குப் பாடம் நடந்தது. ஆறும் வயலும் தோட்டமும் மற்றவற்றைக் கற்றுக் கொடுத்தன.

குளிர்காலம் வந்தால் அவர்கள் மணல்திட்டருகே படகுகளை நிறுத்தி அங்கேயே தங்குவார்கள். அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் வார இறுதிகளில் கல்கத்தாவிலிருந்து வந்துவிடுவார். வரும்போதெல்லாம் தமக்குப் புதிய கதை ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதனால் தாகூர் ஒவ்வொரு வாரமும் ஒரு கதையை எழுதி வைத்திருப்பார். பகலில் போஸ் பிள்ளைகளோடு பிள்ளையாகிவிடுவார். மணலில் பதிந்த கால்தடத்தைப் பின்பற்றி ஆமை முட்டைகளைக் கண்டுபிடிக்கும் வித்தையைத் தாகூரின் மகன் ரதீந்திரநாத்துக்கு அவர்தாம் கற்றுக் கொடுத்தார்.

பிள்ளைகளுக்குக் கிடைத்த இந்தக் கல்வி மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டுமென்று தாகூர் எண்ணினார். 1901ஆம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனில் மரநிழலில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே. செலவுக்குப் பணமில்லாதபோது மிருணாளினி தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

அதன்பின் துயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1902இல் மிருணாளினி மறைந்தார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகாவும், 1905இல் தந்தையும் மறைந்தனர். 1907இல் இளைய மகன் சமீந்திரநாத் காலராவுக்குப் பலியானான். மணல்திட்டில் ஓடி விளையாடிய குடும்பம் ஆறு ஆண்டுகளுக்குள் சிதைந்துபோனது.

வேறொருவராக இருந்தால் உலகை வெறுத்து ஒதுங்கியிருக்கலாம். தாகூரோ சிற்றூர்களின் பக்கம் திரும்பினார். வட்டிக்காரர்களிடம் சிக்கிய உழவர்கள் குறைந்த வட்டியில் கடன் பெறுவதற்காக, 1905ஆம் ஆண்டிலேயே பதிசரில் ஒரு வேளாண்மை வங்கியை அமைத்திருந்தார். செல்வர்கள் தம் பிள்ளைகளை வழக்கறிஞராகவும் அரசு அதிகாரியாகவும் ஆக்கக் கப்பலேற்றிய காலம் அது. தாகூர் தம் மகன் ரதீந்திரநாத்தை 1906இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்திற்கு வேளாண்மை படிக்க அனுப்பினார். 1909இல் திரும்பிய மகன், சிலைதகாவில் பண்ணை அமைத்துப் புதிய பயிர்முறைகளைச் சோதித்துப் பார்த்தார்.

1912ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் புறப்படவிருந்த வேளையில் தாகூர் நோயுற்றார். பயணம் தள்ளிப்போனது. ஓய்வெடுக்க அவர் தேடிச் சென்ற இடம் சிலைதகா. கடுமையாக உழைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்திருந்ததால், தம் வங்கக் கவிதைகளைப் பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார். அந்தக் குறிப்பேடே ‘கீதாஞ்சலி’ என்னும் ஆங்கில நூலுக்கு அடித்தளமாயிற்று. 1913இல் அவருக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

பரிசுப் பணத்தை அவர் பதிசர் வேளாண்மை வங்கியில் போட்டார். உழவர்களுக்குக் கடன் கொடுக்க முதல் பெருகியது. அதன் வட்டி சாந்திநிகேதன் பள்ளிக்கு உதவியது. ஆயினும் அந்த வங்கி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொடுத்த கடன்கள் திரும்பி வராமல் அது நலிந்துபோனது. பரிசுப் பணமும் கரைந்தது. அதற்காகத் தாகூர் தம் முயற்சியை விடவில்லை. 1922இல் சாந்திநிகேதனுக்கு அருகில் ஸ்ரீநிகேதன் என்னும் கிராம முன்னேற்ற நிலையத்தைத் தொடங்கினார். வெள்ளம் திட்டைக் கரைத்தாலும் மறு ஆண்டு வேறொரு திட்டைத் தேடி ஏர் தூக்கிச் செல்லும் பத்மா உழவரின் உறுதியை இதில் காணலாம்.

1927ஆம் ஆண்டு தாகூர் நம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்து, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு முதலிய நகரங்களில் மக்களைச் சந்தித்தார். 1937இல், தம் எழுபத்தாறாவது வயதில், கடைசி முறையாகப் பதிசருக்குச் சென்று தம் குடிமக்களிடம் விடைபெற்றார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த அதே கல்கத்தா மாளிகையில் இயற்கை எய்தினார்.

சிலைதகாவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவர் குடும்பம் ஆமை முட்டை தேடிய மணல்திட்டு எது என்று இன்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. அங்கே அவர் கற்ற பாடமோ கரையவில்லை. சுண்ணக்கட்டி வட்டத்திற்குள் வளர்ந்த சிறுவன், பிறருடைய வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்கத் தொடங்கிய நாளில்தான் அந்த வட்டத்தைத் தாண்டினான்.