ஆட்டத் தலைவர் ஆவோ

மறைந்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை மலருக்கு எழுதித் தருமாறு மன்றச் செயலாளர் என்னைக் கேட்டபோது, நான் ஒரு புலவரைப் பற்றியோ அரசியல் தலைவரைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். நான் எழுதப் புகுந்திருப்பது ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றி. அவர் தமிழரும் அல்லர். நாகர். ஆயினும் அவர் பெயரை நான் முதன்முதலில் கேட்டது தமிழ் பேசும் ஒரு திண்ணையில்தான், அதுவும் வசைமொழியாக.

கோலார் தங்க வயலில் பிறந்தவன் நான். பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய தூள், சாம்பல் நிறத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கும் ஊர் அது. சயனைடு மேடு என்போம். ஆடித் திங்கள் காற்றில் அந்தத் தூள் பறந்து வந்து சோற்றிலும் விழும், கண்ணிலும் விழும். அந்த மேடுகளின் அடிவாரமே எங்கள் ஆடுகளம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கும்பெனி வந்தது. அதனுடன் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளிகள் வந்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்து எங்களைப் போன்றவர்களின் முன்னோர் வந்தார்கள். வெள்ளைக்காரர் தம் பொழுதுபோக்கிற்குக் கொண்டுவந்த பந்து லைன் வீட்டுப் பிள்ளைகளின் காலுக்கும் வந்து சேர்ந்தது. வெறுங்காலுக்கு என்று திருத்திக் கொள்கிறேன்.

என் தாத்தா அப்படி ஆடியவர். பெங்களூருக்கு ரயில் ஏறிப் போய்ப் பந்தாட்டம் பார்த்துவிட்டு, இரவு வண்டியில் மாரிகுப்பம் வந்து இறங்கி, விடியுமுன் சுரங்கத்தில் இறங்கிய காலமும் உண்டாம். பெங்களூர் ஆட்டக்காரர்களின் பெயர்களை அவர் பாடம்போல் ஒப்பிப்பார். சாரங்கபாணி ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, அகமது கான், பஷீர், பந்துக் காவலர் வரதராஜ். இவர்கள் அனைவரும் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியில் இருந்தவர்கள். அப்போது தாத்தாவுக்குப் பத்து வயது. அந்த அணி தோற்ற கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கறுக்கும். கோல் இருக்கும் இடத்தில் பந்தை வைத்து அடிக்க இரண்டு தண்ட உதை கிடைத்தும் இரண்டையும் வீணாக்கினார்களே, அந்த அணிக்குத் தலைவன் என்று ஒருவன் இருந்தானா, இருந்தால் இரண்டாவது உதையைத் தானே அடித்திருக்க வேண்டாமா என்று கேட்பார். அந்தத் தலைவன் பெயர் ஆவோ என்றும் சொல்வார்.

திண்ணையில் குற்றஞ்சாட்டப்பட்ட அந்த மனிதர் யார் என்று அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

தலிமெரன் ஆவோ 1918ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் நாக மலைகளில் சாங்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஆவோ என்பது அவர் பிறந்த இனத்தின் பெயர். தந்தையார் கிறித்தவப் போதகர். இம்பூர் என்ற ஊரில் பாப்டிஸ்டு சபையின் பணியில் இருந்தார். வீட்டில் பன்னிரண்டு மக்கள், இவர் நான்காமவர். ஒரு போதகரின் வருவாயில் பன்னிரண்டு வயிறு நிரம்புவது எவ்வளவு கடினம் என்பதை லைன் வீட்டில் வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

1935இல் நச்சுக் காய்ச்சல் தந்தையாரைக் கொண்டு போயிற்று. மகன் மருத்துவனாகி மலைமக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இன்று டைபாய்டு என்றால் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்று அதற்கு மருந்தே இல்லை. மருத்துவர் இல்லாத மலையில், மருந்தில்லாத நோய்க்குப் பலியான ஒருவரின் விருப்பம் அது. பதினேழு வயது இளைஞன் அதைத் தலைமேல் ஏற்றுக்கொண்டான். ஆனால் அவனுடைய கால்களுக்கு வேறொரு விருப்பம் இருந்தது.

மலையிலிருந்து இறங்கி அசாம் சமவெளியில் படித்தார். கௌகாத்தி காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மகாராணா கழகத்தின் கண்ணில் பட்டார். 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் மாறியது இதுவே. மறு ஆண்டே, 1943இல், மோகன் பகான் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக் கொண்டது.

மோகன் பகான் என்ற பெயரைக் கேட்டதும் வங்காளிகள் ஏன் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1911இல் ஐ.எப்.ஏ. கேடயத்திற்கான இறுதி ஆட்டத்தில் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியான கிழக்கு யார்க்‌ஷயரை அந்தக் கழகம் வென்றது. பூட்சு அணிந்த வெள்ளையரை வெறுங்காலர் வென்ற நாள் அது. பதினொருவரில் ஒரே ஒருவர்தான் பூட்சு அணிந்திருந்தார். அன்று தொட்டு வெறுங்கால் என்பது ஏழ்மையின் அடையாளமாக மட்டும் இல்லாமல் ஒரு வீம்பாகவும் ஆயிற்று. அந்த வீம்பு பின்னாளில் நமக்கு எவ்வளவு விலை வைத்தது என்பது வேறு கதை. கொஞ்சம் பின்னர் வருகிறேன்.

அத்தகைய கழகத்தின் தற்காப்பு வரிசையில், சென்டர் ஹாப் இடத்தில், மலைநாட்டு மாணவர் நின்றார். இக்காலத்து ஆஸ்திரேலிய, ஐரோப்பிய ஆட்டக்காரர்களைப் போல ஒப்பந்தம் எழுதி ஆண்டுக்கு இத்தனை இலட்சம் என்று வாங்கிக்கொண்டு ஆடிய காலம் அன்று. ஆட்டம் வேறு, பிழைப்பு வேறு. காலையில் பிண அறுவைக் கூடம், மாலையில் மைதானம், இரவில் பாடநூல். அவருடைய நகரமோ அமைதியான நகரம் அன்று. 1943இல் வங்கப் பஞ்சம்; கல்கத்தா வீதிகளில் மக்கள் பசியால் மடிந்தார்கள். 1944இல் அவருடைய மலைநாட்டிலேயே, கோகிமாவில், ஜப்பானியப் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மோதின. 1946இல் கல்கத்தாக் கலவரம். இவ்வளவுக்கும் நடுவே ஒருவன் எப்படிப் படித்தான், எப்படிப் பந்தும் ஆடினான்? வாரத்திற்கு இரண்டு மாலைப் பயிற்சிக்கே தேர்வில் தவறிய என்னைப் போன்றவர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

மோகன் பகான் 1947இலும் 1948இலும் மீண்டும் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. ஆவோ அக்கழகத்தின் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கும் அவரே தலைவரானார். அந்த அணியை எண்ணிப் பாருங்கள். வங்காளிகள், பெங்களூர்க்காரர்கள், பிற ஊரார். தலைவரின் தாய்மொழியில் ஒரு சொல்லேனும் பேச அதில் வேறு எவரும் இல்லை. கன்னட நாட்டில் தமிழ் பேசி வளர்ந்து, வேலை தேடி இந்தி நாட்டிற்கும் அரபு நாட்டிற்கும் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எத்தகைய நிலை என்று தெரியும். வாய்க்கு மொழி இல்லாத இடத்தில் கை வேலைதான் பேச வேண்டும். ஆவோவுக்குக் கால் பேசியது.

ஜூலை 29ஆம் நாள், நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிரம்பாத வேளையில், வெம்பிளி அரங்கில் தொடக்க விழா. இந்திய வீரர்களின் முன்னே மூவண்ணக் கொடியை ஏந்தி நடந்தவர் தலிமெரன் ஆவோ. பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் பார்த்திருக்க அந்தக் கொடி சென்றது. ஓராண்டுக்கு முன்வரை அந்த மன்னரே இந்தியாவின் பேரரசர். சாங்கி என்னும் ஊர் எங்கே இருக்கிறது என்று அரங்கிலிருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

முதற்சுற்றில் பர்மா ஆட வரவில்லை. ஆகவே இந்தியா நேரே பிரான்சை எதிர்கொண்டது. ஜூலை 31, இலண்டனை அடுத்த இல்போர்டு. இந்தியரில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். பூட்சு வாங்க வழியில்லாததால் அன்று, பழக்கமே அது. பந்தைக் கால்விரலால் உணர்ந்து ஆடுபவனுக்குத் தோல் உறை ஒரு தடை. காய்ந்த தரையில் அவன் மாயம் செய்வான். ஆனால் மழை பெய்தால் கதை மாறும். பந்து நீரைக் குடித்துக் கல்லாய்க் கனக்கும், பூட்சின் அடிக்குமிழ்கள் சேற்றைக் கவ்வும், வெறுங்கால் வழுக்கும். எங்கள் மேட்டடிக் களத்தில் நானே பலமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன்.

முப்பதாம் நிமிடத்தில் பிரான்சு ஒரு கோல் போட்டது. எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். விடுதலை இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட முதல் கோல் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் போட்டது என்பதைச் சொல்லும்போது தாத்தா பல் இல்லாத வாயால் சிரிப்பார். அடுத்த நொடியே சிரிப்பு மறையும். தண்ட உதைகள் இரண்டு கிடைத்தன. ஒன்றைச் சைலேன் மன்னா அடித்தார். மற்றொன்றை மகாபீர் பிரசாத் அடித்தார். இரண்டும் கோல் ஆகவில்லை. எண்பத்தொன்பதாம் நிமிடத்தில் பிரான்சின் இரண்டாம் கோல் விழுந்தது. ஒன்றுக்கு இரண்டு என்று ஆட்டம் முடிந்தது.

தாத்தாவின் வழக்கு இதுதான்: தலைவன் ஏன் அடிக்கவில்லை?

நான் தலைவருக்காக வாதாடியிருக்கிறேன். தற்காப்பில் நிற்பவர் தாமே முன்னே ஓடி வந்து பந்தைப் பிடுங்கி அடித்துத் தவறவிட்டிருந்தால், அதே திண்ணையில் அவரை அகந்தை பிடித்தவர் என்று ஏசியிருப்பீர்கள் அல்லவா என்று கேட்டிருக்கிறேன். தாத்தா ஒத்துக்கொண்டதில்லை. சுரங்கத்தில் கூட்டத்திற்கு மேஸ்திரி என்றால், கூரைப் பாறை தட்டிப் பார்க்கும்போது முதலில் உள்ளே போகிறவன் மேஸ்திரிதான் என்பார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உண்மையைச் சொன்னால், இன்றும் இல்லை.

தோற்ற பின்னும் அணி உடனே கப்பல் ஏறவில்லை. ஐரோப்பாவில் ஆடிற்று, ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸ் கழகத்தை ஐந்துக்கு ஒன்று என்று வென்றது. பூட்சு பற்றிய கேள்வியோ நான்காண்டு கழித்து ஹெல்சிங்கியில் தீர்ந்தது. 1952இல் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றபின்தான் பூட்சு கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்னில், ஆஸ்திரேலியர் தம் நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டத்தைக் காட்சி ஆட்டமாக உலகுக்குக் காட்டிய அதே ஒலிம்பிக்கில், பூட்சு அணிந்த இந்தியா அந்த ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று நான்காம் இடம் பெற்றது. வீம்பை முன்னமே விட்டிருந்தால் இல்போர்டிலும் வேறு முடிவு வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். தாத்தாவிடம் இதையும் சொல்ல முடியாது.

அந்த மெல்போர்ன் வெற்றியின்போது ஆவோ எங்கே இருந்தார்? மலைக்குத் திரும்பியிருந்தார். 1942இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர் 1950இல்தான் பட்டம் பெற்றார். புகழின் உச்சியில் நின்றவர். கல்கத்தா அவரைத் தோளில் சுமக்கக் காத்திருந்தது. அவர் திப்ரூகர் அசாம் மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பணியில் அமர்ந்தார். 1953இல் கோகிமாவிற்கு உதவி சிவில் சர்ஜனாக வந்தார். 1963இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அதன் சுகாதாரத் துறைக்கு இயக்குநரானார். 1978இல் ஓய்வு பெற்றார். கால் நூற்றாண்டு. இந்தப் பகுதியை எழுத எனக்குக் கோல் கணக்கும் இல்லை, நிமிடக் கணக்கும் இல்லை. மலைப்பாதை, மழை, நாகர் கிளர்ச்சியால் துப்பாக்கி ஓசை ஓயாத ஆண்டுகள், அவற்றின் நடுவே மருத்துவமனை. 1935இல் ஒரு போதகர் விட்டுப் போன சொல் அவ்வாறு காப்பாற்றப்பட்டது.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் தலிமெரன் ஆவோ தம் எண்பதாம் வயதில் இயற்கை எய்தினார். 2009இல் வடகிழக்கு மாநிலங்களுக்கான கால்பந்துக் கோப்பை ஒன்று அவர் பெயரால் தொடங்கப்பெற்றது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இந்தச் செய்திகளையெல்லாம் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை உரக்கக் கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2001இல் சுரங்கம் மூடிய நாள்முதல் சங்கு ஊதாத எங்கள் தெருவில் அன்றைக்கு எழுந்த பெரிய ஓசை அதுவாகத்தான் இருக்கும். தந்தையார் இறந்த செய்தி வந்தபோது தலையை ஆட்டினார். கோகிமா மருத்துவமனை வந்தபோது வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அவர் எதற்கு மருத்துவர் என்று கேட்டார். காதுக்கு என்றேன். காதுக்கா என்று மறுபடி கேட்டுவிட்டு, வலது காதைத் தடவிக்கொண்டே சிறிது நேரம் சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, இருந்தாலும் அந்த இரண்டாவது உதையை அவர்தான் அடித்திருக்க வேண்டும் என்றார். அவன் என்று சொல்லவில்லை.